ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை அர்த்தம்? எப்படிப் பிடிபடும்?

சொல்தேடி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச காலமாக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். பெரிய பெரிய சொற்களால் எனக்குத் தொந்தரவே இல்லை. அகராதியைத் திறந்தால் ஒன்றோ இரண்டோ அர்த்தம் இருக்கும், பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். என்னைப் பாடாய்ப் படுத்துவது ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரிந்த ‘ரன்’ என்ற சொல்தான்.

போன மாதம் ஒரு பொருளாதாரக் கட்டுரையில் ‘எ ரன் ஆன் த பேங்க்’ என்று வந்தது. நான் ‘வங்கியை நோக்கி ஒரு ஓட்டம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆசிரியர் குழுவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். படிக்கிறவருக்கு இதிலிருந்து என்ன புரியும் என்று கேட்டிருந்தார்கள், நியாயமான கேள்விதான், எனக்கே அது புரிந்திருக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு கதையில் சட்டையைத் துவைத்ததும் ‘த கலர்ஸ் ரேன்’ என்று இருந்ததை ‘நிறங்கள் ஓடின’ என்று எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் சங்கடமாக இருக்கிறது.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். குதிரை ரன் ஆகிறது, ஆறு ரன் ஆகிறது, மூக்கு ரன் ஆகிறது, நாடகம் ஆறு மாதம் ரன் ஆகிறது, பள்ளிக்கூடத்தை ஒருவர் ரன் செய்கிறார், பேட்டரி ரன் டவுன் ஆகிறது, பால் ரன் அவுட் ஆகிறது, ஒரு குணம் குடும்பத்தில் ரன் ஆகிறது, தேர்தலில் ஒருவர் ரன் செய்கிறார், காலுறையில் நூல் பிரிந்தால் அதற்குப் பெயரும் ரன். இதையெல்லாம் கட்டிப்போடும் கயிறு ஒன்று இருக்கிறதா, அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதுதான் வழியா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், நீளமாகச் சொன்னாலும் படிக்கிறேன்.

அகராதிப் புழு எழுதியது:

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1928ல் முடிந்தபோது அதிலேயே நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான். 1989ல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அதுவேதான் முதலிடம்: 430 பொருள், விளக்கமும் மேற்கோளும் சேர்ந்து சுமார் 60,000 சொற்கள். ஒரு சொல்லை விளக்க ஒரு சிறிய புத்தகம் அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். அப்புறம் மூன்றாம் பதிப்புக்காக ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டே வந்தார்கள். ‘மேக்’ முந்தியது, பிறகு ‘புட்’ முந்தியது, கடைசியில் 2011ல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். பெயர்ச்சொல் பொருள்கள் இந்தக் கணக்கில் இல்லை. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் இந்த ஒரு சொல்லோடு கிட்டத்தட்ட ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் 645 என்று பார்த்து மிரண்டுவிடாதீர்கள். அகராதிக்காரர் எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறார் என்பதைப் பொறுத்த எண் அது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘வேர்ட்நெட்’ என்ற சொல்வலையில் இதே வினைக்கு நாற்பதை ஒட்டித்தான் பொருள்கள் இருக்கின்றன. கடிகாரம் ஓடுவதும் இயந்திரம் ஓடுவதும் ஒரே பொருளா இரண்டு பொருளா என்று கேட்டால் இரண்டு பக்கமும் வாதாடலாம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பல நூற்றாண்டு வழக்கைச் சேர்த்து வைக்கிறது, அதில் இன்று யாரும் சொல்லாத பொருளும் நிறைய உண்டு.

எந்த மொழியிலும் அடிக்கடி புழங்கும் சொல்லுக்குத்தான் பொருள் பெருகும். ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிஃப் என்பவர் 1945லேயே இதைக் கணக்காகக் காட்டினார். சொல் எவ்வளவு அதிகம் புழங்குகிறதோ அதற்கேற்ப அதன் பொருளும் கூடும், தோராயமாகப் புழக்கத்தின் வர்க்கமூலத்தைப் போல. கையில் எப்போதும் இருக்கிற கத்தியால்தான் காயும் நறுக்குகிறோம், கயிறும் அறுக்கிறோம், உறையும் பிரிக்கிறோம். சொல்லும் அப்படித்தான்.

இருகரை எழுதியது:

நான் பல வருடமாக இதே வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கயிறு ஒன்று இல்லை, இரண்டு. அந்த இரண்டும் நம் தமிழில் ஏற்கெனவே பிரித்துக் கட்டப்பட்டிருக்கின்றன: ஓடு, ஓட்டு.

நாம் ‘குதிரை ஓடியது’ என்போம், ‘குதிரையை ஓட்டினான்’ என்போம். தன்வினைக்கு ஒரு வடிவம், பிறவினைக்கு ஒரு வடிவம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ரன்’. ‘த ஹார்ஸ் ரேன்’, ‘ஹி ரேன் த ஹார்ஸ்’. தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கு ‘ரின்னன்’, ‘இர்னன்’ என்றும், ஓடச் செய்வதற்கு ‘அர்னன்’ என்றும் உறவுள்ள இரண்டு வினைகள் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒலியில் நெருங்கி ஒரே சொல்லாகக் கலந்துவிட்டன. ஆங்கிலம் தொலைத்த அந்த வேறுபாட்டை நாம் இன்னும் வாயில் வைத்திருக்கிறோம். தமிழ்க்காரருக்கு இந்தச் சொல் கஷ்டம் என்று சொல்லவே கூடாது என்பது என் கட்சி.

அதனால் வாக்கியத்தில் ‘ரன்’ வந்தால் முதலில் எனக்கு நானே கேட்டுக்கொள்வது, இதற்குச் செயப்படுபொருள் இருக்கிறதா என்றுதான். எதை ரன் செய்கிறார் என்று கேட்டால் பதில் வருகிறதா? வந்தால் அது ‘ஓட்டு’ பக்கம். பள்ளியை நடத்துகிறார், கடையை நடத்துகிறார், இயந்திரத்தை இயக்குகிறார், விளம்பரத்தை வெளியிடுகிறார், சோதனையைச் செய்து பார்க்கிறார். ‘ரன் எ பாத்’ என்றால் குழாயைத் திறந்து குளிக்கும் தொட்டியில் தண்ணீரை ஓடவிடுவது, ஆகவே அதுவும் இங்கேதான். பதில் வராவிட்டால் ‘ஓடு’ பக்கம். பேருந்து ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்குச் செல்லும். நடைமுறையில் குழப்பத்தில் பாதி இந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடுகிறது.

‘ஓடு’ பக்கத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காலால் ஓடுவதுதான் மூலப்பொருள், மற்றதெல்லாம் அதிலிருந்து உவமையாக வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். திரவம் பாய்வதும் இந்தச் சொல்லுக்கு மிகப் பழைய பொருள்தான். ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ரின்னென்’ என்றால் ஒழுகுவது, ‘ரென்னென்’ என்றால் ஓடுவது. இரண்டும் ‘ரன்’னுக்குச் சொந்தக்காரர்கள். மூக்கு ரன் ஆவது, மெழுகு உருகி ரன் ஆவது, துணியில் சாயம் ரன் ஆவது எல்லாம் இந்தத் தண்ணீர்க் குடும்பம். அங்கே காலைத் தேடினால் கிடைக்காது. நமக்கும் ஆறு ஓடுகிறது, ஓடை என்ற பெயரே ஓடுவதிலிருந்து வந்ததுதான். ஆனால் மூக்கு நமக்கு ஓடாது, ஒழுகும். சாயம் ஓடாது, போகும். ஒன்றாக இருப்பது கருத்து மட்டும், சொல் மாறிவிடும். ‘நிறங்கள் ஓடின’ என்று எழுதியபோது நீங்கள் தவறியது அந்த இடத்தில்தான். கருத்தைப் பிடித்த பிறகு ஆங்கிலச் சொல்லை மறந்துவிட வேண்டும், மறந்துவிட்டுத் தமிழில் இதை வீட்டில் எப்படிச் சொல்வோம் என்று யோசிக்க வேண்டும்.

அப்புறம் அசையாத பொருள் ரன் ஆவது. ‘த ரோடு ரன்ஸ் அலாங் த ரிவர்.’ சாலை எங்கேயும் போவதில்லை, நம் கண்தான் அதன்மேல் போகிறது. மொழியியலாளர் லியோனார்ட் டால்மி இதைக் கற்பனை இயக்கம் என்கிற மாதிரி ஒரு பெயரால் விளக்கியிருக்கிறார். தமிழிலும் சாலை ஆற்றோரமாகவே போகிறது என்கிறோம், சுவரில் விரிசல் ஓடுகிறது என்கிறோம், கையில் நரம்பு ஓடுகிறது என்கிறோம். நேராகவே எழுதலாம், பயப்பட வேண்டாம்.

கோடைமழை எழுதியது:

இருகரை சொன்னதை ஆமோதிக்கிறேன், கூடவே ஒன்று. ஆங்கிலத்தைப் பார்த்து வியக்கிற நாம் நம் ‘அடி’யை ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழ் கற்றுக்கொள்கிறார், அவர் என்னிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள், நீச்சல் அடிக்கிறார்கள், பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள், யோகம் அடிக்கிறது, மருந்து அடிக்கிறார்கள், நாற்றம் அடிக்கிறது, போர் அடிக்கிறது. இதில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, ஏனென்றால் நான் அதை அதுவரை யோசித்ததே கிடையாது.

காய்ச்சலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘ஷி இஸ் ரன்னிங் எ ஃபீவர்’. அவளுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. அங்கே ஓடுகிறது, இங்கே அடிக்கிறது, உடம்பு சுடுவது மட்டும் ஒன்று. இரண்டு சொல்லுக்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் இதுதான் சரியான மொழிபெயர்ப்பு. இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ‘ரன்’னுக்கும் ‘ஓடு’வைத் தேடுகிற பழக்கம் போய்விடும்.

தேர்தலும் அப்படியே. அமெரிக்கர்கள் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார்கள். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார்கள். நம்மிடமும் வேட்பாளர் தேர்தலில் நிற்கிறார். ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார், செய்வது ஒரே காரியம்.

சொல்தேடி எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஓடு, ஓட்டு என்று பிரிப்பதை இன்று காலையிலிருந்து கையில் இருக்கிற கட்டுரைகளில் போட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் பெயர்ச்சொல்லாக வரும்போது உதவவில்லை. அந்த வங்கி விஷயம் இன்னும் மனதில் உறுத்துகிறது. ‘எ ரன் ஆஃப் லக்’, ‘எ பிரின்ட் ரன்’, ‘எ டிரை ரன்’, கிரிக்கெட் ரன் இதெல்லாம் எதில் சேரும்? இன்னொன்று, ‘ரன் டவுன்’, ‘ரன் ஓவர்’ மாதிரி இடைச்சொல் ஒட்டிக்கொண்டு வருபவை. நேற்று ‘த மீட்டிங் ரேன் ஓவர்’ என்பதைப் பார்த்ததும் ஒரு நொடி கூட்டத்தின்மேல் வண்டி ஏறிவிட்டது என்றே நினைத்தேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் சேர்த்தே உதவக்கூடிய ஒரு பழைய வழி நம்மிடம் இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்ற முதல் இயலிலேயே பலபொருள் ஒருசொல் பற்றிப் பேசுகிறது. அதை இரண்டாகப் பிரிக்கிறது: வினைவேறுபடூஉம் பலபொருள் ஒருசொல், வினைவேறுபடாஅப் பலபொருள் ஒருசொல். முதல் வகையின் பொருள் எப்படித் தெளியும் என்பதற்கு அது சொல்லும் வழி, ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’. உரைகாரர்கள் காட்டுகிற உதாரணம் ‘மா’. மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் விலங்கு. அந்தச் சொல்லை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதிலிருந்து பொருள் கிடைக்காது. பக்கத்தில் இருக்கிற வினையைப் பார், கூட நிற்கிற இனத்தைப் பார், பேச்சு நடக்கிற சார்பைப் பார்.

ஜே. ஆர். ஃபிர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957ல், ஒரு சொல்லை அது சேர்ந்திருக்கிற கூட்டத்தை வைத்துத்தான் அறிய முடியும் என்று எழுதினார். இன்றைக்கும் மொழியியல் வகுப்புகளில் இதை எடுத்துச் சொல்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ‘இனத்தினும் சார்பினும்’ என்ற அந்தத் தொடர்தான்.

இப்போது ‘எ ரன் ஆன் த பேங்க்’கை இதில் வையுங்கள். சார்பு என்ன? பொருளாதாரக் கட்டுரை. இனம் என்ன? பக்கத்தில் ‘டெபாசிட்’, ‘வித்டிரா’, ‘பேனிக்’ என்று சொற்கள் நின்றிருக்கும். அப்படியானால் பணம் போட்டவர்கள் எல்லோரும் வங்கி விழுந்துவிடுமோ என்று பயந்து ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பி எடுக்க முண்டியடிப்பது. முன்பு வாசலுக்கே ஓடி வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றபோது பெரும்பாலும் கணினியிலும் கைபேசியிலும்தான் நடந்தது. யாரும் ஓடவில்லை, ஆனாலும் அதற்கு ரன் என்றே பெயர். தமிழில் ஒரே சொல்லாக எழுத வேண்டும் என்று ஏன் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டும்? ‘பணத்தைத் திரும்ப எடுக்க வங்கியில் மக்கள் முண்டியடித்தார்கள்’ என்று முழு வாக்கியமாகவே எழுதுங்கள்.

‘ரன் ஆஃப் லக்’, ‘பிரின்ட் ரன்’ இரண்டிலும் விடாமல் தொடர்வது என்ற எண்ணம் இருக்கிறது. தொடர்ந்து அடித்த அதிர்ஷ்டம். அச்சு இயந்திரத்தை ஒரு முறை ஓட்டும்போது விழுகிற படிகள். நாடகம் எத்தனை நாள் தொடர்ந்து நடந்தது என்பதற்கும் அதே சொல். காலுறையில் நூல் பிரிந்து நீளமாகக் கோடு விழுவதும் தொடர்ந்து போவதுதான். அதை அமெரிக்கர்கள்தான் ரன் என்பார்கள், பிரிட்டனில் அது ‘லேடர்’, ஏணி. கிரிக்கெட்டில் ஓடி எடுத்ததால் ரன் என்ற பெயர் வந்தது, ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஒரு அடிகூட ஓடாமல் நான்கு ஓட்டம் கணக்கில் ஏறுகிறது. ஓட்டம் போய்விட்டது, கணக்கு மட்டும் நின்றுவிட்டது. இப்படித்தான் பொருள் நகர்கிறது.

நிரலர் எழுதியது:

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். நாங்கள் ஒரு நாளில் ‘ரன்’ சொல்கிற அளவுக்கு வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நிரலை ரன் செய், சோதனையை ரன் செய், சர்வர் ரன் ஆகிறதா, ரன் டைமில் பிழை வந்தது. இயந்திரங்கள் வந்தபோது அவற்றின் இயக்கத்துக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், பிறகு கணினி அதையே வாங்கிக்கொண்டது. தமிழில் ‘இயக்கு’, ‘இயங்கு’ என்று எழுதினால் சரியாக உட்காருகிறது. இருகரை சொன்ன அதே ஜோடி, வேறு சட்டையில்.

நான் சொல்ல வந்தது வேறு. பலபொருள் சொல் மனிதருக்கு மட்டுமல்ல, இயந்திர மொழிபெயர்ப்புக்கும் பெரிய தடையாக இருந்தது. யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற தத்துவவாதி 1960ல் ஒரு சின்ன உதாரணம் காட்டினார். ஒரு சிறுவன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான், கடைசியில் கண்டுபிடிக்கிறான், ‘த பாக்ஸ் வாஸ் இன் த பென்’. பென் என்றால் பேனா. பேனாவுக்குள் பெட்டி எப்படி இருக்கும்? இங்கே பென் என்பது குழந்தை விளையாட அடைத்து வைக்கும் சிறு தடுப்பு. பேனா எவ்வளவு பெரியது, பெட்டி எவ்வளவு பெரியது என்ற உலக அறிவு இல்லாத இயந்திரத்துக்கு இது பிடிபடவே படாது என்று அவர் வாதிட்டார். அந்த வாக்கியத்தில் இனமும் உதவவில்லை பாருங்கள், ‘பாக்ஸ்’ பேனாவோடும் வரலாம், தடுப்போடும் வரலாம். பேனாவையும் பெட்டியையும் கையில் எடுத்துப் பார்த்த அறிவுதான் பொருளைப் பிரித்தது.

பின்னால் வந்த முறைகளில் பெருந்திரளான எழுத்தைப் படிக்க வைத்து, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு வருகிறது என்பதைக் கணக்காகக் கற்றுக்கொள்ள வைத்தார்கள். ஏட்டுச்சுவடி சொன்ன இனமும் சார்பும்தான் அங்கே எண்களாக மாறி உட்கார்ந்திருக்கின்றன. அதனால் சொல்தேடிக்கு என் யோசனை, பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட நிறையப் படியுங்கள். ஒரே பொருளில் பத்து வாக்கியம் கண்ணில் பட்டால் பதினோராவது தானாக விளங்கும்.

இருகரை எழுதியது:

நிரலர் சொல்வது சரிதான், ஆனால் வெறும் வாசிப்பு மட்டும் போதாது என்று எனக்குப் படுகிறது. நான் இருபது வருடம் ஆங்கிலம் படித்த பிறகும் ‘ரன் டவுன்’னில் தடுக்கி விழுந்திருக்கிறேன். பேட்டரி ரன் டவுன் ஆனால் தீர்ந்துவிட்டது. வண்டி ஒருவரை ரன் டவுன் செய்தால் மோதித் தள்ளிவிட்டது. ஒருவர் இன்னொருவரை ரன் டவுன் செய்தால் அது மோதலாகவும் இருக்கலாம், மட்டம்தட்டிப் பேசுவதாகவும் இருக்கலாம், தேடிக் கண்டுபிடித்ததாகவும் இருக்கலாம். ஒரு கட்டடம் ரன் டவுன் என்றால் பராமரிக்காமல் பாழடைந்து கிடக்கிறது. ஒரு மனிதர் ரன் டவுன் என்றால் உடம்பு களைத்துப் போயிருக்கிறது. இங்கே ‘ரன்’னைத் தனியாகவும் ‘டவுன்’னைத் தனியாகவும் பிரித்துப் பொருள் கூட்டினால் வராது. ரன் டவுன், ரன் ஓவர், ரன் அவுட், ரன் இன்டு, ரன் அப் ஒவ்வொன்றையும் தனிச்சொல்லாகவே நினைத்து, எழுவாயோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ரன் ஓவர் செய்தால் ஏறியது, கூட்டம் ரன் ஓவர் ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டியது, குறிப்பை ரன் ஓவர் செய்தால் ஒரு பார்வை பார்த்தது, பாத்திரம் ரன் ஓவர் ஆனால் வழிந்தது. எழுவாய் மாறினால் எல்லாம் மாறிவிடும். நான் இன்றும் இப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.

முன்னால் நான் எழுதிய ‘இரண்டு கயிறு’க்குள் அடங்காதவையும் இருக்கின்றன, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ‘ரன் எ ரிஸ்க்’ என்பதில் எதையும் ஓட்டவில்லை. ‘ரன் எ ரெட் லைட்’ என்றால் சிவப்பு விளக்கை மதிக்காமல் தாண்டிப் போவது, விளக்கை யாரும் இயக்கவில்லை. இதற்கெல்லாம் மூலப்பொருளைத் தேடி இழுத்துக் கட்ட வேண்டாம்.

அகராதிப் புழு எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை மட்டும். ‘ரன்’னில் எல்லாம் ஒரே குடும்பத்துக் கிளைகள் என்பதால் கயிறு தேடுவதில் அர்த்தம் உண்டு. ‘செட்’டில் அப்படித் தேடினால் ஏமாந்துபோவீர்கள். வை, அமை, பொருத்து என்கிற ‘செட்’ பழைய ஆங்கிலச் சொல், ‘சிட்’டுக்குப் பிறவினை, அதாவது உட்காரவை. ஒரு தொகுதி, ஒரு குழு என்கிற ‘செட்’ பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘செக்டா’விலிருந்து வந்தது, ‘செக்ட்’ என்ற சொல்லும் அங்கிருந்துதான். வந்த வழி இரண்டு, பிறகு ஒன்றின் பொருள் இன்னொன்றின் மேலும் கொஞ்சம் படிந்திருக்கிறது. நம் ‘ஓடு’ம் அப்படித்தானே, வினையாக வந்தால் ஓடுவது, பெயராக வந்தால் கூரை ஓடு, ஆமை ஓடு. இரண்டையும் உறவு சொல்லி இணைக்கப் போனால் நேரம்தான் போகும். நல்ல அகராதிகளில் வெவ்வேறு வேர்ச்சொல்லுக்குத் தனித்தனி எண் போட்டிருப்பார்கள். முதலில் அந்த எண்ணைப் பாருங்கள், பிறகு பொருளுக்குப் போங்கள்.

சொல்தேடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நோட்டு வாங்கிவிட்டேன், முதல் பக்கத்தில் ரன் ஓவருக்கு நான்கு எழுவாய்களும் எழுதியாகிவிட்டது. திருப்பி வந்த அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்தேன். ‘வதந்தி பரவியதும் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க மக்கள் வங்கியில் முண்டியடித்தார்கள்’ என்று மாற்றி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அதே கட்டுரையில் கீழே ‘த பேங்க் ரேன் அவுட் ஆஃப் கேஷ்’ என்று ஒரு வரி இருந்தது, போன தடவை அதை ‘வங்கி பணத்தை விட்டு வெளியே ஓடியது’ என்று எழுதியிருந்தேன், ஆசிரியர் குழு அதைக் கவனிக்கவே இல்லை. இந்த முறை நானே பார்த்து ‘வங்கியில் ரொக்கம் தீர்ந்துபோனது’ என்று திருத்திவிட்டேன். அடுத்து ‘கெட்’ பற்றித் தனி இழை தொடங்கலாம் என்று இருக்கிறேன். ஏட்டுச்சுவடி, அந்த ‘வினைவேறுபடாஅ’ வகைக்கு உரைகாரர்கள் என்ன உதாரணம் தருகிறார்கள் என்பதையும் நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.